பழைய காயின் மெஷின் வாங்கவும் விற்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கடை வாசலில் ஆடும் குதிரை, பேருந்து நிலையத்து எடை மெஷின், ஐந்து ரூபாய் போட்டால் கேன் நிறைய நீர் ஊற்றும் வாட்டர் ஏடிஎம், மாலில் பொம்மை பிடிக்கும் மெஷின், காத்திருப்புக் கூடத்தில் நிற்கும் ஸ்நாக்ஸ் மெஷின். தமிழ்நாட்டில் இவை எல்லாமே கை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கேம் ஸோன் மூடினால் பத்து மெஷின்கள் ஒரே நாளில் விலைக்கு வரும். வாங்குகிறவர்களில் பலர் சேமிப்புப் பணத்தைப் போடுகிற சாதாரண ஆட்கள்: மளிகைக் கடை நடத்துபவர், ஓய்வு பெற்றவர், ஊரில் சின்னதாக ஒரு வருமானம் வேண்டும் என்று நினைப்பவர். அவர்கள் பணம் பழைய இரும்பாக முடங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெயிண்டையும் விளக்கையும் பார்த்து விலை பேசாதீர்கள். முதலில் காசு வாங்கும் வாயைப் பாருங்கள். அடுத்து, கெட்டுப்போனால் உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால் மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த மெஷின் என்று முடிவு செய்தல்

வருமானத்தை வைத்து மெஷினைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். உங்கள் ஊரில் அதைப் பழுது பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன் நான். ஆடும் குதிரையை மோட்டார் காயில் கட்டுகிறவரே சரி செய்துவிடுவார். வாட்டர் ஏடிஎம்முக்கு ஆர்ஓ மெக்கானிக் போதும். வீடியோ கேம் மெஷினுக்கு டிவி ரிப்பேர் தெரிந்தவர் வேண்டும். ஸ்நாக்ஸ் மெஷினுக்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக், எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் என்று இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரும் ஒரே நாளில் வர மாட்டார்கள். முதல் முறை வாங்குகிறவருக்கு மோட்டாரும் டைமரும் மட்டும் உள்ள எளிய மெஷினே நல்லது.

இரண்டாம் படி: காசைத் தெரிந்துகொள்ளுதல்

இந்தத் தொழிலில் ஆழமான விஷயம் இதுதான். நம் நாணயங்களின் அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2011 வரிசையில் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய் 25, ஐந்து ரூபாய் 23. 2019இல் அறிவித்த வரிசையில் ஒரு ரூபாய் 20, இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25. ஆக, புதிய இரண்டு ரூபாயும் பழைய ஐந்து ரூபாயும் ஒரே விட்டம். புதிய ஐந்து ரூபாயும் பழைய இரண்டு ரூபாயும் ஒரே விட்டம். விட்டத்தை மட்டும் அளந்து காசு வாங்கும் பழைய வகை வாய் உள்ள மெஷினை வாங்கினால், ஐந்து ரூபாய் ஆட்டத்தை இரண்டு ரூபாய்க்கு ஆடிவிட்டுப் போவார்கள்.

ஐந்து ரூபாயில் இன்னொரு சிக்கல் உண்டு. 9 கிராம் எடையுள்ள, செம்பும் நிக்கலும் கலந்த கனமான குப்ரோ நிக்கல் காசு, 2007 வாக்கில் வந்த எஃகுக் காசு, அதன் பின் வந்த 6 கிராம் பித்தளை நிறக் காசு, 2019 வரிசையின் 6.74 கிராம் காசு என்று பல வகைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு மெஷின் இவற்றில் எதை எடுக்கும், எதைத் துப்பும் என்பதை வாயில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பத்து ரூபாயில் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த காசு அது. டிசைன் எத்தனை மாறினாலும் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை சுமார் 7.7 கிராம். அதனால் பழைய மெஷினைப் பத்து ரூபாய் காசுக்கு மாற்றிவிடுவதுதான் சரி என்பது என் கருத்து. பத்து ரூபாய் காசு செல்லாது என்ற வதந்தி நம் ஊர்களில் வெகுகாலம் ஓடியது. அப்போது புழக்கத்தில் இருந்த 14 டிசைன்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. 2022இல் கோயம்பேடு சந்தையில் வைத்த மஞ்சப்பை மெஷினும் பத்து ரூபாய்க்கு ஒரு பை தரும் மெஷின்தான். இருபது ரூபாய் காசும் 27 மில்லிமீட்டர்தான், ஆனால் பன்னிரண்டு பக்கம் உள்ளது, எடை 8.54 கிராம். பத்து ரூபாய் என்று நினைத்து மெஷின் அதை விழுங்கினால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதையும் போட்டுப் பாருங்கள்.

மெஷின் பார்க்கப் போகும்போது ஒரு பையில் ஒவ்வொரு வகைக் காசிலும் இருபது எடுத்துக்கொண்டு போங்கள். அழுக்கேறியது, தேய்ந்தது, புத்தம் புதியது எல்லாம் கலந்து இருக்கட்டும். சரியான காசு இருபதில் பத்தொன்பதாவது உள்ளே போக வேண்டும். தவறான காசு ஒன்றுகூடப் போகக் கூடாது. அதே அளவு இரும்பு வாஷர் ஒன்றையும் போட்டுப் பாருங்கள்.

காசு வாயின் உள்ளே இருந்து காசைச் சரிபார்க்கும் கருவிதான் காயின் அக்செப்டர். அதில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஒன்றில் மாதிரிக் காசு ஒன்றை உள்ளே செருகி வைத்திருப்பார்கள். போடும் காசை அதோடு காந்தச் சுருள் மூலம் ஒப்பிடும். மாதிரியை மாற்றினால் வேறு காசுக்கு மாறிவிடும், ஆனால் ஒரு வகைக் காசை மட்டுமே எடுக்கும். இன்னொன்று பல வகைக் காசுகளைக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு வகைக்கும் பத்து இருபது காசுகளைப் போட்டுப் பழக்க வேண்டும். இரண்டுமே பொதுவாக 12 வோல்ட்டில் ஓடும், காசு விழுந்ததும் மெஷினுக்கு ஒரு பல்ஸ், அதாவது சின்ன மின் சைகை, அனுப்பும். இவ்வளவு எளிய ஏற்பாடு என்பதால், அக்செப்டர் கெட்டுப்போயிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. புதிது வாங்கி மாட்டலாம். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

வெளிநாட்டு ஸ்நாக்ஸ் மெஷின் மட்டும் வேறு கதை. அதில் காசு வாங்கிச் சில்லறை தரும் சேஞ்சர் எம்டிபி என்ற தகவல் முறையில் பேசும். டாலர் காசுக்காகச் செய்த சேஞ்சர் ரூபாயைப் படிக்காது, மாற்றும் செலவும் அதிகம். அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால் அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கான மெஷின். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம். நம் 50 ஹெர்ட்ஸை அதனால் மாற்ற முடியாது. கம்ப்ரசர் சூடாகி ஆயுள் குறையும். சீன மெஷின் பெரும்பாலும் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் வருவதால் இந்தத் தொந்தரவு இல்லை.

மால் கேம் ஸோனிலிருந்து வரும் மெஷின்களில் காசு வாயே இருக்காது. கார்டு ரீடர் மட்டும் இருக்கும். அந்த ரீடர் பழைய நிறுவனத்தின் சர்வரோடு மட்டுமே பேசும். அதைக் கழற்றிவிட்டு அக்செப்டர் மாட்ட முடியுமா, கதவில் அதற்கு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மூன்றாம் படி: மெஷினைத் திறந்து பார்த்தல்

திறக்கச் சாவி இல்லை என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். பூட்டை உடைத்துக் காட்டட்டும், அல்லது சாவியோடு வரட்டும்.

குழந்தைகள் ஏறும் ஆட்ட மெஷினை மிகக் கண்டிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் அதன் மேல் உட்காரப் போவது ஒரு குழந்தை. முதலில் எர்த். மெஷினின் இரும்புச் சட்டத்துக்கும் பிளக்கின் எர்த் முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இடத்தில் இந்த மெஷினை ஓட்டவே கூடாது. மழைநீர் தெறிக்கும் கடை வாசலில் கட்டாயம் கூடாது. அடுத்து ஃபைபர் உடம்பைப் பாருங்கள். சேணத்துக்கும் கால்களுக்கும் இணைப்பு வரும் இடத்தில் நூல் போன்ற விரிசல் இருக்கும். புதுப் பெயிண்ட் அதை மறைத்திருக்கும். விரலால் தட்டினால் சத்தம் மாறும். கீழே அசையும் கம்பிகளுக்கு இடையில் குழந்தையின் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மூடி போட வேண்டும். பெரியவர் ஒருவர் ஏறி உட்கார்ந்து சோதிக்க வேண்டாம், கியர் பாக்ஸ் கெட்டுவிடும். இருபது கிலோ அரிசி மூட்டையை வைத்து அரை மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். மோட்டாரில் கை வைக்க முடியாத சூடோ, கியர் பாக்ஸில் கரகரப்போ, எண்ணெய்க் கசிவோ தெரிந்தால் விலையில் அதைக் கழியுங்கள். மோட்டார் முனகிக்கொண்டு கிளம்பாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், அது சின்னச் செலவு.

ஸ்நாக்ஸ் மெஷினைக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட விட்டு, உள்ளே தெர்மாமீட்டர் வையுங்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய்த் தாளைச் சொருகி இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். பொருளை முன்னே தள்ளும் சுருள் கம்பிதான் ஸ்பைரல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்ற விடுங்கள். ஒன்று கெட்டால் அந்த வரிசையே வருமானம் இல்லாமல் நிற்கும். ஸ்பைரலின் இடைவெளி நீங்கள் விற்கப்போகும் பாக்கெட்டுக்குப் பொருந்துகிறதா என்பது முக்கியம். காற்று நிரப்பிய பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டையும் கடலை மிட்டாயையும் நேரில் வைத்துப் பாருங்கள். பொருள் விழுந்ததை அறியும் சென்சார் வேலை செய்யாவிட்டால், பொருள் மாட்டிக்கொண்டு நிற்கும், காசு மட்டும் போயிருக்கும்.

வீடியோ கேம் மெஷினில் ஜாய்ஸ்டிக், பட்டன், மைக்ரோ சுவிட்ச் எல்லாம் மலிவு. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனால் பவர் சப்ளை, சுவிட்ச், ஒயர் எல்லாம் வாங்கிவிடலாம். பழைய பிக்சர் டியூப் மட்டும் இப்போது மாற்றுக் கிடைக்காத பொருள். படம் மங்கியிருந்தால் எல்சிடிக்கு மாற்றும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 1980களின் நடுவிலிருந்து வந்த மெஷின்கள் பலவற்றில் ஜாமா என்ற 56 முனை இணைப்பு இருக்கும், போர்டை எளிதாக மாற்றலாம். ஆட்டம் அடிக்கடி தானே ரீசெட் ஆனால், போர்டில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று அளந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் உள்ள ஒரே போர்டு என்று விற்பவற்றுக்கு ஆட்டங்களை உருவாக்கியவர்களின் அனுமதி பெரும்பாலும் இருக்காது. காசு வாங்கி நடத்தும் இடத்தில் அது சட்டச் சிக்கல்.

பொம்மை பிடிக்கும் மெஷினில் கொக்கியின் பிடியை மெனுவில் கூட்டலாம், குறைக்கலாம். இத்தனை ஆட்டத்துக்கு ஒரு முறைதான் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றும் வைக்கலாம். அப்படி வைத்தால் அது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற கேள்வி வரும். 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காசு போட்டால் காசு தரும் மெஷின் எந்த விலைக்கு வந்தாலும் தொடாதீர்கள். பொம்மை மெஷினை எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பிடியில் வையுங்கள். குழந்தைகளின் காசை வாங்கும் மெஷின் அவர்களை ஏமாற்றக் கூடாது.

எடை மெஷினுக்கு முத்திரை வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அதைச் சரிபார்த்து முத்திரையிட்ட பிறகுதான் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. கடைசி முத்திரையின் தேதியைப் பாருங்கள், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். எடை மெஷின்களை விற்பதையோ பழுது பார்ப்பதையோ தொழிலாகச் செய்ய உரிமமும் தேவை. சோதிப்பது எளிது: தெரிந்த எடையுள்ள சிமென்ட் மூட்டையைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எடை மாறினால் எடையை உணரும் லோட் செல் போயிருக்கிறது. ரயில் நிலையங்களில் அட்டைச் சீட்டு தரும் பழைய இரும்பு மெஷின் கிடைத்தால் அதைத் தொழிலுக்கு வாங்காதீர்கள். அழகுக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அதற்கு நல்ல விலை உண்டு.

வாட்டர் ஏடிஎம் பார்க்கும்போது இருபது லிட்டர் கேனைப் பிடித்து அளவு பாருங்கள், தொடர்ந்து ஐந்து முறை. அளவு மாறினால் நீரை அளக்கும் ஃப்ளோ மீட்டரோ, நீரைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வோ காரணம். நீரை வடிகட்டும் மெம்பிரேனை மாற்றிய பில் இல்லையென்றால் புது மெம்பிரேன் விலையைக் கழித்துவிடுங்கள்.

நான்காம் படி: வருமானக் கதையைச் சரிபார்த்தல்

"தினமும் ஐந்நூறு ரூபாய் நிச்சயம்" என்று விற்பவர் சொல்வார். உள்ளே காயின் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னோக்கிச் சுற்ற முடியாத சிறிய எண்ணும் கருவி அது. இன்றைய எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். வித்தியாசத்தை ஏழால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். அந்த வாரத்தில் திருவிழாவோ பள்ளி விடுமுறையோ இருந்ததா என்றும் பாருங்கள். மீட்டர் கழற்றப்பட்டிருந்தால் வருமானத்தைப் பற்றி அவர் சொல்லும் எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

விலைக்கு ஒரு உதாரணக் கணக்கு. ஆடும் குதிரைக்கு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய், நாளைக்கு 15 ஆட்டம் என்றால் ₹150. மாதம் 26 நாளுக்கு ₹3,900. கடைக்காரருக்கு முப்பது சதவீதம் என்றால் ₹1,170 போகும். மின்சாரம் பெரிதில்லை: 250 வாட் மோட்டார், ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் வைத்தால் நாளைக்கு கால் யூனிட்கூட ஆகாது. பழுதுக்கும் வண்டிச் செலவுக்கும் மாதம் ₹300 ஒதுக்கினால் கையில் நிற்பது ₹2,400 அளவில். விற்பவர் ₹40,000 கேட்டால், போட்ட முதல் திரும்பி வரப் பதினேழு மாதம் ஆகும். பழைய மெஷினுக்கு ஒரு வருடத்துக்குள் முதல் வர வேண்டும் என்பது என் அளவுகோல். அப்படியானால் இதற்கு ₹28,000க்கு மேல் தரக் கூடாது. கம்ப்ரசர் ஓடும் ஸ்நாக்ஸ் மெஷினுக்கு இந்தக் கணக்கு வேறு. அது ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இரவும் பகலும் மின்சாரம் இழுக்கும்.

ஐந்தாம் படி: காகிதமும் வண்டியும்

மெஷினின் மாடல், வரிசை எண், என்ன நிலையில் விற்கப்படுகிறது, சாவி எத்தனை என்பதெல்லாம் எழுதிய ரசீது வேண்டும். மெஷின் ஏற்கெனவே ஒரு கடை வாசலில் நின்றால், அந்த இடமும் சேர்ந்து வருகிறதா என்று கடைக்காரரிடமே நேரில் கேளுங்கள். மெஷின் வாங்கினால் இடமும் கிடைத்துவிடும் என்று நினைத்து, மறுநாளே எடுத்துக்கொண்டு போகச் சொல்லப்பட்டவர்கள் உண்டு. தின்பண்டம் விற்பதென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவை உங்கள் பெயரில் எடுக்க வேண்டும். பழைய உரிமையாளரின் பதிவு உங்களுக்கு உதவாது.

வண்டிக்குச் சொல்வதற்கு முன் டேப் எடுத்து, இரு பக்கத்துக் கதவுகளையும் அளந்துவிடுங்கள். குதிரைக்கும் எடை மெஷினுக்கும் குட்டி யானை போதும். ஸ்நாக்ஸ் மெஷின் காலியாகவே 250, 300 கிலோ இருக்கும். நாலு பேரும், பின்பக்கம் ஏற்றி இறக்கும் வசதியுள்ள வண்டியும் வேண்டும். கம்ப்ரசர் உள்ளதை நிற்க வைத்தே கொண்டுவர வேண்டும். வேறு வழியின்றிப் படுக்க வைத்திருந்தால், இறக்கி நிறுத்தி ஒரு நாள் முழுக்க விட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்கள்.

விற்கும்போது

விற்பனைக்கு வைப்பதற்கு முன் சுத்தம் செய்யுங்கள், ஆனால் பெயிண்ட் அடிக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் புதுப் பெயிண்டைப் பார்த்தால் எதை மறைக்கிறீர்கள் என்றுதான் யோசிப்பார். காசு போடுவது முதல் ஆட்டம் முடிவது வரை வெட்டாமல் எடுத்த ஒரு நிமிட வீடியோவும், உள்பக்கம், மீட்டர், பெயர்த் தகடு ஆகியவற்றின் படங்களும் இருந்தால் வீண் அழைப்புகள் பாதியாகக் குறையும். குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இந்தத் தொழிலில் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒருவரையொருவர் தெரிந்த சின்ன வட்டம்தான். ஒரு தடவை மறைத்து விற்றால் அடுத்த மெஷினுக்கு ஆள் வராது.

யூபிஐ க்யூஆர் வசதி சேர்த்த மெஷினுக்கு இன்று மதிப்பு அதிகம், ஏனென்றால் பையில் சில்லறையே இல்லாமல் வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பணம் வந்ததும் காயின் அக்செப்டர் அனுப்பும் அதே பல்ஸை அனுப்பும் சிறிய போர்டு கிடைக்கிறது, அதைப் பழைய மெஷினிலும் சேர்க்கலாம். அதற்கு சிம், மாதச் சந்தா உண்டு. விற்கும் நாளில் அந்தக் கணக்கை வாங்குபவர் பெயருக்கு மாற்றுங்கள், அல்லது போர்டைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவர் மெஷினில் விழும் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கும், பஞ்சாயத்து ஆகும்.

தொடர்ந்து வாங்கி விற்பவராக இருந்து ஜிஎஸ்டி பதிவும் வைத்திருந்தால் ஆடிட்டரிடம் மார்ஜின் முறையைப் பற்றிக் கேளுங்கள். பழைய பொருள் வியாபாரிக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் மட்டும் வரி கட்டும் வழி விதிகளில் இருக்கிறது. வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

சேர்ந்த காசை என்ன செய்வது என்று புதியவர்கள் அடிக்கடி கேட்பார்கள். வங்கியில் நாணயம் செலுத்த ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் காசாளருக்கும் எளிது. ஆனால் கடைக்காரரின் பங்கை மூட்டையாகக் காசிலேயே கொடுக்க நினைக்காதீர்கள். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசுகளில் ஒரு தடவைக்கு ₹1,000 வரை கொடுத்தால்தான் அவர் வாங்கியாக வேண்டும், அதற்கு மேல் மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

மெஷின் கை மாறும் அன்று இருவரும் சேர்ந்து கல்லாவைத் திறந்து எண்ணுங்கள், மீட்டர் எண்ணை ரசீதில் எழுதுங்கள், செட்டிங் மெனுவின் பாஸ்வேர்டை எழுதிக் கொடுங்கள். வாங்குபவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: அன்று மாலையே கல்லாப் பூட்டை மாற்றிவிட வேண்டும். பல மெஷின்களுக்கு ஒரே சாவி பொருந்தும், அதன் நகல் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.